முதல்ல உங்க பேருதான்

எங்கள் வீட்டில் அந்த நாட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அங்க" என்போம். அங்கேருந்து போன் வந்துச்சு. அங்க இப்ப மழையாம். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் பேசினோம்.

என் வீட்டுக்காரர் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் போனார். மகளுக்கு அப்போது நாலு மாசம். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். நாற்பது நாள் இருப்பார். முதல் பத்து நாள் தூங்குவார். கடைசி பத்து நாள் பெட்டி கட்டுவார். நடுவில் உள்ள இருபது நாளில் ஏதாவது பேசியிருப்போம். நினைவில்லை.

போன சம்பாவுக்கு முந்தின சம்பா நடவு சமயத்தில் நிரந்தரமாக வந்தார். பட்டறையில் வயசாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். நான் வயலில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆள் வர்ற அன்னிக்குமா வயலு?"

"இன்னிக்கு நடவுங்க. ஆளு கெடச்சது இன்னிக்குத்தான்."

அன்று ஆரம்பித்தது.

சோறு போட்டால் பிசைந்து பார்ப்பார். "இது என்ன அரிசி?"

"நம்ம வயலு."

"ஒட்டுது. அங்க அரிசி ஒட்டாது."

கரண்டு போனால் என்னைப் பார்ப்பார், நான் பிடுங்கிவிட்ட மாதிரி. பஸ் வராவிட்டால் என்னைப் பார்ப்பார். அங்க கரண்டு போகாது. அங்க பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். அங்க ரோட்டில் துப்பினால் அபராதம். நான் பதில் சொல்ல மாட்டேன். ஒரு நாள் சொன்னேன்.

"அங்க உங்கம்மா இருந்தாங்களா? படுக்கையில ரெண்டு வருஷம் கெடந்தாங்களே, அங்கயா கெடந்தாங்க?"

அதன்பிறகு ஒரு வாரம் பேச்சு இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஊரில் சிலர் கேட்டார்கள். அங்கே வேற யாராச்சும் இருக்காங்களா என்று. நான் அவரைக் கேட்கவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் களை எடுக்கப் போவது நான்தான்.

ஒரு நாள் தஞ்சாவூர் போய் விசா ஏஜென்ட்டைப் பார்த்து வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே இங்கிலீஷில் அச்சடித்த தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு பேனாவால் குறி போட்டார். சாயங்காலம் மகளிடம் போனில் பேசுவது கேட்டது. அவள் சீர்காழியில் வாழ்க்கைப்பட்டவள்.

"ரிட்டயர்மென்ட் விசாம்மா. அங்க வேலை பார்க்கக் கூடாது. சும்மா இருக்கலாம். பேங்குல டெபாசிட் காட்டணும், அவ்வளவுதான்."

போனை வைத்ததும் கேட்டேன். "வேலை செய்யாம இருக்கறதுக்கா விசா?"

"உனக்குப் புரியாது."

"அதத்தான் இங்கயே செய்யறீங்களே."

தாளைக் கவருக்குள் வைத்தார். அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. நீயும் வருகிறாயா என்றும் கேட்கவில்லை, நான் போகிறேன் என்றும் சொல்லவில்லை.

ஆனால் என்னிடம் வராமல் முடியாது. வீட்டுக் காகிதமெல்லாம் என் ட்ரங்குப் பெட்டியில். சாவி என் இடுப்பில். நான் படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தமிழ் மட்டும். ஆனால் எந்தக் காகிதம் எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

முதலில் கேட்டது பள்ளிக்கூட டி.சி. பிறந்த தேதிக்கு. எடுத்துக் கொடுத்தேன். நாலு நாளில் திரும்பி வந்தார். டி.சி. போதாதாம். பிறப்புச் சான்று வேண்டுமாம். அவர் பிறந்தது வீட்டில். யாரும் பதியவில்லை. தாலுக்கா ஆபீசில் புத்தகத்தைப் புரட்டி, பெயர் இல்லை என்று சொல்லி, பெயர் இல்லை என்பதற்கு ஒரு சான்று கொடுத்தார்கள். அதற்கு மூன்று தடவை நடந்தார்.

"பொறக்கலேன்னு எழுதிக் குடுத்துட்டானுவ," என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். அதனால் சிரிக்கவில்லை.

அடுத்தது ரேஷன் கார்டு. முகவரிக்கு. கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடும்பத் தலைவி என்று என் படம். கீழே மாமியார் பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"எம் பேரு எங்க?"

"இல்ல."

"எடுத்துட்டியா?"

"ஊர்ல இல்லாத ஆளு பேரெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன்."

"செத்தவங்க பேரு இருக்கு. எம் பேரு இல்ல."

"அவங்க செத்தது இங்க."

கார்டைத் தூக்கித் தரையில் போட்டார். நான் எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். கரண்டு பில்லை நீட்டினேன். அது இன்னும் மாமனார் பெயரில்தான் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பழைய பாஸ்போர்ட் மூன்று, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். பேங்குப் புத்தகம். பட்டறையில் கொடுத்த கடைசிக் கடிதம். கேட்டதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை. மொத்தமாகப் பெட்டியைக் கொடு என்றார் ஒரு தடவை. நெல் வித்த ரசீதெல்லாம் கலைந்துவிடும் என்றேன்.

அவர் கேட்பதை வைத்தே அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று எனக்குப் பிடிபட்டது. எப்போது பிறந்தாய், எங்கே இருக்கிறாய், எவ்வளவு வைத்திருக்கிறாய், யாரையாவது அடித்திருக்கிறாயா, நோய் உண்டா. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான்.

பெட்டியின் அடியில் ஒரு காகிதம் உண்டு. எங்கள் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. எங்கள் கல்யாணம் எந்த ஆபீசிலும் பதியவில்லை. அந்தப் பத்திரிகையும் என் கழுத்தில் கிடப்பதும்தான் அத்தாட்சி. ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும், இன்றைக்கு அதைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நடத்தைச் சான்றுக்கு விசாரிக்க. டீ கொடுத்தேன். அவர் நாற்காலியில், இவர் கட்டிலில், நான் கதவோரம்.

"சாரு மேல ஏதும் கேசு உண்டாம்மா?"

"இல்லீங்க."

"குடிப்பாரா?"

"எப்பவாச்சும்."

"வீட்ல தகராறு கிகராறு?"

"பேச்சே கெடையாது. தகராறு எங்கேருந்து வரும்?"

போலீஸ்காரர் இவரைப் பார்த்துச் சிரித்தார். "சரியான ஆளு சார் வீட்ல," என்று சொல்லிவிட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, "நீங்களும் போறீங்களாம்மா?" என்றார்.

இவர் பதில் சொன்னார்.

"அவ வரல. நெலம் இருக்குல்ல."

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு போலீஸ்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்து.

அந்த வாரம் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கேட்டார்கள். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அதிகாரி எழுதித் தருகிற காகிதம் அது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் கவர் டிவி மேல் கிடந்தது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் அவர் அதை ஒளித்து வைப்பதில்லை. தாளை மட்டும் உருவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எனக்குத் தெரியும். ஒவ்வொரு போகத்துக்கும் அவளிடம்தான் போவேன். அடங்கல் வேலை முடிந்ததும் தாளை நீட்டினேன்.

"இத தமிழ்ல சொல்லும்மா."

படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பாஸ்போர்ட். வெள்ளைப் பின்னணியில் போட்டோ. போலீஸ் சான்று. டாக்டர் சான்று. பிறந்த தேதி. எல்லாம் நான் எடுத்துக் கொடுத்ததுதான். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டிக் அடித்திருந்தார்.

ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

"இத மட்டும் கோடு போட்டு அடிச்சிருக்கு."

"என்னா வரி?"

"மனைவி கூட வர்றதா இருந்தா கல்யாணச் சான்று, மனைவி பாஸ்போர்ட். இல்லேன்னா தேவையில்ல."

பார்த்தேன். வெல்டர் போட்ட கோடு. ஸ்கேல் வைக்காமலே நேராக இருந்தது.

"அடுத்தது?"

"டெபாசிட். அந்த ஊரு பேங்குல போட்டு வைக்கணும். எடுக்கக் கூடாது. பக்கத்துல பென்சில்ல 'நிலம்'னு எழுதியிருக்கு." அவள் நிமிர்ந்தாள். "அம்மா, அய்யாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"அவரு எனக்குத் தெரியாமதான் எழுதியிருக்காரு. நான் அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்."

தாளை வாங்கி மடித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் இளம்பயிர். யார் வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறது, யாருக்கு உரம் போதவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வேறு எதையும் நினைக்க வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்து தாளைக் கவரில் வைத்தேன். மறுநாள் காலையில் கேட்டார்.

"நெலத்துப் பத்திரமும் பட்டாவும் எடு."

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பது மா. மூன்று ஏக்கர். அவர் அங்கே போய் நாலாவது வருஷம் விலைக்கு வந்தது. பணம் அவர் அனுப்பினார். அதை நான் மறைக்கவில்லை. பத்திரப் பதிவு அன்று நான் மட்டும் போனேன். எழுதுகிறவர் கேட்டார்.

"யார் பேருக்கும்மா?"

"அவரு பேருக்குத்தான்."

"ஆளு எங்க?"

"அங்க."

"அங்கன்னா?"

சொன்னேன். எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பவர் குடுத்திருக்காரா? இல்லேல்ல. அவரு வந்தப்புறம் மாத்திக்கலாம். இப்ப உங்க பேருக்கே போட்டுடறேன்," என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விற்கிறவர் அவசரப்பட்டார். சரி என்றேன்.

நம் பக்கத்துப் பத்திரத்தில் பொம்பளை பெயரைத் தனியாக எழுத மாட்டார்கள். இன்னார் மனைவி இன்னார் என்றுதான் எழுதுவார்கள். முதலில் அவர் பெயர். அடுத்து மனைவி என்கிற சொல். கடைசியில் என் பெயர். அவர் பெயர் ஒரு வரியின் கடைசியில் நின்றது. மற்றது அடுத்த வரிக்குப் போய்விட்டது. பின்னால் வந்த பட்டாவிலும் அப்படித்தான். முன்னால் அவர், நடுவில் மனைவி, பின்னால் நான்.

அன்று ராத்திரி போனில் கேட்டார். எதிர்வீட்டு போன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எம் பேரு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. மொதல்ல உங்க பேருதான்."

பொய் இல்லை. ஏமாற்ற நினைத்தும் சொல்லவில்லை. வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த லீவில் வந்தபோது பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார். விரலால் தொட்டார். மடித்துக் கொடுத்தார். அடுத்த வரியைப் படிக்கவில்லை. நாற்பது நாள் ஓடிவிட்டது. அதன்பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அவர் நிலம் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

வாங்கினபோது பாதி களர். உப்புப் பூத்துக் கிடக்கும். நாற்று வைத்தால் மஞ்சளாகிச் சாகும். ஜிப்சம் போட்டேன். தண்ணீர் கட்டி வடித்தேன். தழை உரத்துக்குக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதேன். அஞ்சு வருஷம் ஆயிற்று மண் பேச்சுக் கேட்க. வாய்க்காலில் மேல்மடைக்காரன் தண்ணீரை மறித்தான். நான் மண்வெட்டியோடு போய் மடையில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் விட்டான். புயல் அடித்துக் கதிரெல்லாம் சாய்ந்த வருஷம், முளைத்த நெல்லை அரித்து எடுத்தேன். அந்த வருஷம் அவர் லீவுக்கு வந்தார். நெல் நாறுகிறது என்றார்.

பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார். தன் பெயரைத் தொட்டார். கவரில் வைத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒன்பதாவது வரி என்னவென்று தெரியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மகளுக்குப் போன் செய்தேன். விற்கப் போகிறார் என்றேன்.

"அப்பா காசும்மா. அவருக்கும் ஆசை இருக்கும்ல."

"இருக்கும்."

"நீ எங்கூட வந்து இரேன்."

"உங்க வீட்ல வயலு இருக்கா?"

"இல்ல."

"அப்ப நான் என்ன செய்யறது?"

அவள் பேச்சை மாற்றினாள்.

நாலு நாள் கழித்து, வாங்குகிறவரோடு வயலுக்கு வந்தார். பக்கத்து ஊர்க்காரர். இரண்டு லாரி வைத்திருப்பவர். அவரை எனக்கும் தெரியும். என் நெல்லை ஏற்றியிருக்கிறார். நான் வரப்பில் நண்டு வளை அடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் காலில் ஷூ. வரப்பில் நடக்கத் தெரியாமல் இரண்டு தடவை சறுக்கினார்.

"எங்கேருந்து எது வரைக்கும் அண்ணே?" என்றார் லாரிக்காரர்.

இவர் கையைத் தூக்கினார். எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியவில்லை. தென்னை மரத்தைக் காட்டினார். அது அடுத்தவர் மரம்.

"அதில்லீங்க," என்றேன். "இந்த வரப்புலேருந்து வாய்க்கா வரைக்கும்."

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். போனை எடுத்தார். பட்டா நம்பரை வாங்கி அடித்தார். இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அண்ணே, இது உங்க பேர்ல இல்லீங்களே."

"நல்லாப் பாருப்பா."

"பாத்துட்டேன். அண்ணி பேர்ல இருக்கு."

"மொதல்ல எம் பேருதானே இருக்கு?"

"இருக்குண்ணே. இன்னார் மனைவின்னு போட்டிருக்கு. அவங்க உங்க சம்சாரம்னு சொல்றதுக்கு உங்க பேரு. நெலம் அவங்களுது."

போனைக் கையில் வாங்கினார் என் வீட்டுக்காரர். தள்ளிப் பிடித்தார். கிட்டே பிடித்தார். நான் நண்டு வளையில் மண்ணை வைத்து மிதித்தேன். தண்ணீர் நின்றது.

லாரிக்காரர் என்னிடம் கேட்டார். "அண்ணி, குடுக்கறதுதானே? பேசித்தானே வந்திருக்கீங்க?"

"எங்கிட்ட யாரும் பேசல."

"அண்ணே, வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க. எனக்கு வில்லங்கம் ஆகாது," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது எனக்குத் தலையாட்டினார். அவருக்கு அடுத்த போகம் என் நெல் வேண்டும்.

வீடு வரைக்கும் நான் முன்னால், அவர் பின்னால். கைப்பம்பில் கால் கழுவினேன். அவர் ஷூவைக் கழற்றி வாசலில் எறிந்தார்.

"ஏமாத்திட்ட."

"மொதல்ல உங்க பேருதான்னு சொன்னேன்."

"இருபது வருஷத்துக்கு மேல ஏமாத்தியிருக்க."

"நீங்க அடுத்த வரியப் படிக்கல."

"எங்காசு அது. நெருப்புல வெந்த காசு."

"ஆமாம். உங்க காசுக்கு நெலம் வந்துச்சு. நெல்லு உங்க காசுக்கு வரல."

அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. பழக்கமில்லை. அடிக்கிற அளவுக்கு நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை.

"கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா?"

"முடியாது."

"நான் போகணும்."

"போங்க. நான் புடிச்சு வச்சிருக்கேனா?"

"டெபாசிட் இல்லாம விடமாட்டான்."

"அது அவங்க சட்டம்."

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. அவர் சேமிப்பு அவர் பேங்கில் இருந்தது. அதை வைத்துச் சும்மா இருக்கலாம், இங்கே. அங்கே சும்மா இருக்க அது போதாது.

நாலாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தாள் கையில் இருந்தது. பேனாவும் இருந்தது. குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரலை நான் போனில் கேட்டிருக்கிறேன், லீவு தள்ளிப்போகிறது என்று சொல்லும்போது.

"பெட்டியில கல்யாணப் பத்திரிகை இருக்கும்ல?"

அவர் பள்ளிக்கூட டி.சி. கேட்ட நாளிலிருந்து அந்த ஒரு கேள்விக்குக் காத்திருந்தேன்.

"எதுக்கு?"

"கல்யாணத்தப் பதியணும். பத்திரிகை இருந்தா பதிஞ்சு தர்றானாம். உனக்கும் பாஸ்போர்ட் எடுத்துடலாம். ரெண்டு பேரும் போயிடலாம்."

"நெலம்?"

"வித்தா ரெண்டு பேருக்கும் டெபாசிட் சரியா வரும்."

"அங்க வந்து நான் என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அதான் விசாவே."

"சோறு?"

"நீதான் ஆக்கணும். இங்கயும் நீதானே ஆக்கற."

நான் அவரைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறார். ஒன்பதாவது வரியில் கோட்டின் மேல் ஒரு டிக் அடித்திருந்தார். இன்னும் மை காயவில்லை.

எழுந்து பெட்டியைத் திறந்தேன். அடியிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். அவர் கையில் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. மெதுவாகப் பிரித்தார். படித்தார். இந்தத் தடவை எல்லா வரியையும் படித்தார். அது என் பிறந்த வீட்டில் அடித்த பத்திரிகை. பெண் வீட்டுப் பத்திரிகையில் பெண் பெயர் முன்னால் வரும். எங்கள் இரண்டு பேர் பெயரும் உள்ள காகிதத்தில் அது ஒன்றில்தான் முதலில் என் பெயர்.

"பாத்தாச்சா?"

"ம்."

"குடுங்க."

"இது வேணும்ல, பதியறதுக்கு."

"குடுங்க."

கொடுத்தார். மடித்தேன். அடியில் வைத்தேன். அதன்மேல் பத்திரம், பட்டா, ரசீதுகள். பூட்டினேன்.

"என்ன இது?"

"நான் வரல. நெலம் இருக்குல்ல."

போலீஸ்காரரிடம் தான் சொன்னது அவருக்கு நினைவு வந்ததா தெரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் படுத்தார். நான் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன்.

அதன்பிறகு அந்தப் பேச்சு இல்லை. மகள் ஒரு தடவை வந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசினாள். "காசு அவரோடது, கஷ்டம் உன்னோடது. பாதி பாதி வச்சுக்குங்களேன்." பாதியை விற்றால் டெபாசிட் வராது என்றார் அவர். பாதியை விற்றால் வாய்க்கால் மடை அந்தப் பக்கம் போய்விடும் என்றேன் நான். அவள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

காகிதங்களுக்கும் ஆயுசு உண்டாம். தஞ்சாவூர் ஏஜென்ட் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. டாக்டர் சான்று முதலில் காலாவதியானது. அடுத்தது போலீஸ் சான்று. வெள்ளைப் பின்னணிப் போட்டோவும் பழசாகிவிட்டது. ஒரு நாள் கவரை என்னிடம் நீட்டினார்.

"பெட்டியில போடு. அங்கேயும் இங்கேயும் கெடக்குது."

போட்டேன். அவர் காகிதம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. முதலில் அவர் பெயர்தான்.

நிலத்தை வைத்துக்கொண்டேன். அதோடு அவரையும் வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நான் அதைக் கணக்குப் போடாமல் இல்லை. அவர் போய்விட்டால் நிலம் இருக்காது. நிலம் இருந்தால் அவர் போக மாட்டார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கே அது எனக்குத் தெரியும்.

இந்தக் குறுவைக்கு அடங்கல் எழுத வந்த கிராம நிர்வாக அதிகாரி புதுசு. வாசலில் நின்று கேட்டார். "நிலம் யார் பேர்லங்க?"

நான் உள்ளே இருந்தேன். நாற்காலியில் இருந்த அவர் பதில் சொன்னார்.

"உள்ள இருக்கா. கூப்புடறேன்."

மத்தியானம் சோறு போட்டேன். பிசைந்தார்.

"ஒட்டுது," என்றார்.

"ஆமாம்," என்றேன். குழம்பை ஊற்றினேன்.